ஒட்டாத உறை

புதுச்சேரியில் மதலேன் நடத்திய மொழிபெயர்ப்புப் பள்ளியில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒரு சொல்லில் ஐயம் வந்தால் முதலில் அகராதி, பிறகுதான் ஆசிரியர். ஒரு மாணவரைப் பற்றி ஆசிரியர் கடிதம் எழுதினால், உறையை ஒட்டாமல் அதை அந்த மாணவர் கையிலேயே கொடுத்தனுப்புவார்.

மதலேனுக்கு நாற்பது வயது. அவருடைய மாணவர் சிங்காரவேலுவுக்கு அறுபத்திரண்டு. முப்பத்துநான்கு வருஷம் தபால் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றபின் பிரெஞ்சு படிக்க வந்தவர். ஒட்டிய உறையைத்தான் அவர் நம்புவார்.

மாதக் கடைசியில் மதலேன் பிரான்சிலுள்ள லியோனுக்குப் போய்விடுவார். அவருக்குப் பிறகு பள்ளியை யார் நடத்துவது என்பதை வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடி முடிவு செய்யும். அந்த நாற்காலி மேல் சிங்காரவேலுவுக்குக் கொள்ளை ஆசை.

முந்தின வெள்ளிக்கிழமை மதலேன், அவரைப் பற்றிக் குழுவுக்கு எழுதிய கடிதத்தை உறையை ஒட்டாமல் அவரிடம் கொடுத்தார். வீட்டுக்குப் போகும் வரைகூடச் சிங்காரவேலுவால் பொறுக்க முடியவில்லை. படிக்கட்டிலேயே நின்று படித்தார். பிரெஞ்சில் நான்கே வரி. நேர்மையானவர். உழைப்பாளி. ஐந்து வருஷமாக ஒரு வகுப்பும் தவறவிடாதவர். கடைசி வரியில், இவர் ஒரு செரெப்ரால் மனிதர்.

மூளையிலிருந்து செய்த சொல் என்பது தெரியும். பாராட்டா, குத்தலா என்பதுதான் தெரியவில்லை.

மேலே ஏறிப் போய்க் கேட்டிருக்கலாம். அவர் நூலகத்துக்குப் போனார்.

பிரெஞ்சு அகராதி, அறிவால் வாழ்பவர் என்றது. மனசு குளிர்ந்தது. அதோடு விட்டாரா? இத்தாலிய அகராதியைத் திறந்தார். ஈரமில்லாமல் அறிவை மட்டும் காட்டுகிற எழுத்துக்கு அங்கே அந்தப் பெயர். ஸ்பானிய அகராதி, உணர்ச்சிக்கு இடம் கொடுக்காமல் கணக்குப் போட்டு நடப்பவர் என்றது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பின் எல்லாமே சந்தேகமாகிவிட்டது. கூடப் படிக்கும் ரெஜினா தாழ்வாரத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஏன் சிரித்தாள்? மதலேன் கொடுத்தனுப்பிய டீயில் சர்க்கரை குறைவாக இருந்தது. இத்தனை நாள் சரியாகத்தானே இருந்தது? நாற்காலியை ரெஜினாவுக்குக் கொடுக்க முடிவு பண்ணிவிட்டு, தன் கழுத்தை இனிப்பான சொல்லால் அறுக்கிறார்கள் என்று தோன்றியது. ஆசிரியர் அறை வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, குழு கூட ஒரு மணி நேரம் இருக்கும்போது, நோட்டும் கடிதமுமாக மதலேன் முன்னால் போய் நின்றார்.

"மதாம், இந்தச் சொல்லைப் பத்தித் தேடினேன்."

"சொல்லுங்க ஐயா."

"ஜெர்மன்காரன் இதை டாக்டர் வாயில மட்டும் வச்சிருக்கான். ஸ்பானியன் கல்நெஞ்சுக்காரன்ங்கறான். பழைய லத்தீன்ல மூளையை வச்சுப் பண்ணின ஒரு சொல்லுக்கு முன்கோபின்னு அர்த்தம். அதுக்கும் பின்னால போனா கொம்புல போய் நிக்குது. தலை, கொம்பு எல்லாம் ஒரே வேர்."

மதலேன் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"எத்தனை அகராதி?"

"பதினொண்ணு."

"ஒரு பிழைகூட இல்லை."

"இதுல எதை நினைச்சு என்னைப் பத்தி எழுதினீங்க?"

மதலேன் நோட்டை மூடி வைத்தார்.

"உங்களுக்குச் சந்தேகம் எந்த அகராதியில வந்துச்சு?"

சிங்காரவேலு வாயைத் திறந்தார். பொய் சொல்ல வரவில்லை.

"அகராதியைத் தொடறதுக்கு முந்தியே வந்துடுச்சு, மதாம். படிக்கட்டுலயே."

"அப்ப என் கதவு திறந்திருந்துச்சா?"

"திறந்துதான் இருந்துச்சு."

"இந்த ஒரு வாரமா?"

"தினமும்." அவர் தலை குனிந்தார். "வழக்கப்படி முதல்ல அகராதியைப் பார்த்தேன். நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்."

"சொல்லிக்கொடுத்தேன். அது செத்துப்போனவங்க எழுதினதைப் படிக்கறதுக்கு. இதை எழுதினவ இதே அறையில உக்காந்து, இன்னைக்காவது வருவீங்கன்னு பார்த்துக்கிட்டு இருந்தா."

ஐந்து வருஷம் தனக்குச் சொல்லிக்கொடுத்தவரோடு இருந்திருக்க வேண்டிய கடைசி வாரங்களில் ஒன்றை அகராதிகளுக்குக் கொடுத்துவிட்டோம் என்பது சிங்காரவேலுவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலி அந்த நிமிஷம் ஞாபகத்தில் இல்லை.

மதலேன் கடிதத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். பேனா மூடியைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினார்.

"எழுதும்போது எனக்கே அந்தச் சொல்லு நிச்சயமில்லை, ஐயா. கேக்க வருவீங்க, பேசிட்டு வேணாம்னா அடிச்சிடலாம்னு இருந்தேன். இந்த ஒரு வாரத்துக்கு அப்புறம் இப்ப நீங்களே சொல்லுங்க. அடிக்கணுமா, இருக்கட்டுமா?"