மீசைக்கு மூன்று நாள், மதகுக்கு ஒரு மூச்சு

ரொம்ப காலத்துக்கு முன்னால் குவளைநாடு என்று ஒரு நாடு. அதை அதிரூபவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. யாராவது புகழ்ந்துவிட்டால் மட்டும் மற்றதெல்லாம் அவனுக்கு மறந்துபோகும்.

தலைநகரில் பதினொரு பேர் கொண்ட ஊர்ச்சபை இருந்தது. வருஷா வருஷம் வரிப்பணத்தில் மூவாயிரம் பொன்னை ராஜா அவர்களிடம் கொடுப்பான். அதை எதற்குச் செலவழிப்பது என்று ராஜா முன்னிலையில் விவாதித்துக் கைதூக்கி முடிவுசெய்ய வேண்டும். செலவுப் பட்டியலை எழுதி வாசிப்பவர் பொக்கிஷதார் பரமானந்தர். அவர் வாசிப்பார், இவர்கள் தூக்குவார்கள்.

அந்த வருஷப் பட்டியலில் மூன்றே செலவு. வீதி நடுவே ராஜாவின் சிலையோடு ஒரு தோரண வாயில், இரண்டாயிரம் பொன். அதன் திறப்பு விழா விருந்துக்கு எழுநூறு. விழாவில் சபையோருக்குப் பட்டும் சால்வையும், முந்நூறு.

விவாதமே நடக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சிலைக்கு மீசையை மேலே முறுக்குவதா, பக்கவாட்டில் நீட்டுவதா என்று மூன்று நாள் தொண்டை வறளப் பேசினார்கள்.

இரண்டாம் நாள் காத்தாயி வந்து நின்றாள். பெரிய ஏரியின் மதகைத் திறந்து மூடுகிற மடைக்காரி அவள். மதகு உளுத்துப்போய், போன ஐப்பசி மழையில் பலகை பிய்த்துக்கொண்டு, கரைக்குக் கீழே இருந்த கரையடித் தெருவில் நாலு வீடும் இரண்டு உயிரும் போயிருந்தன.

"மகாராஜா, இந்த மழைக்கு மதகு நிக்காது. தெருவே போயிடும்" என்றாள்.

பரமானந்தர் முந்திக்கொண்டார். "மதகு எங்கே இருக்கிறது? கரைக்குப் பின்னால். யார் கண்ணில் படும்? வாயில் நடுவீதியில் நிற்கும்! மடைக்காரிக்குச் சபையில் என்ன பேச்சு?"

சபை சிரித்தது. மீசை யோசனையில் இருந்த ராஜாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. காத்தாயி வாசல் ஓரமாய் நின்று கவனித்தாள். 'அதிரூப' என்று பொக்கிஷதார் தொடங்கியதுமே பதினொரு கையும் எழும்பிவிடுகிறது. மீதியை யாரும் கேட்பதில்லை.

நாலாம் நாள் ஓர் ஓலையோடு வந்தாள்.

"மகாராஜா, கரையடித் தெரு ஜனங்க சார்பா தங்களைப் போற்றி ஒரு தீர்மானம். ஒரு காசு செலவில்லை."

ராஜாவின் முகம் மலர்ந்தது. "செலவுப் பட்டியல் இருக்கட்டும். இதை முதலில் எடுங்கள்!"

ராஜாவைப் போற்றும் பெருமை ஒரு மடைக்காரிக்குப் போவதா? பரமானந்தருக்குப் பொறுக்கவில்லை. "இது என் வாயால்தான் வர வேண்டும்" என்று ஓலையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"சந்திர வதன, சூரிய தேஜ, அதிரூபவர்ம மகாராஜாவின் புகழ் நீடூழி வாழ..."

அவ்வளவுதான். பதினொரு கை மேலே. "ஏகமனதாக!" என்று மண்டபம் அதிர்ந்தது. அந்த ஆரவாரத்தில் பொக்கிஷதார் மீதியைப் பார்க்கக்கூட இல்லை. ராஜ முத்திரையும் விழுந்தது. குவளைநாட்டில் முத்திரை விழுந்த தீர்மானத்தை ஒரு வருஷத்துக்கு ராஜாவாலும் மாற்ற முடியாது.

"மகாராஜா, இன்னொரு தடவை மெதுவா வாசிக்கச் சொல்லுங்க. காதாரக் கேக்கணும்" என்றாள் காத்தாயி.

ராஜாவுக்கும் அந்த ஆசைதான். பரமானந்தர் வாசித்தார். "...புகழ் நீடூழி வாழ, சபையோர் பதினொருவரும் குடும்பத்தோடு ஐப்பசி முதல் நாள் தொடங்கி கரையடித் தெருவில்..." குரல் நின்றது.

"நிறுத்தாதீர்" என்றான் ராஜா.

"...குடியிருந்து, மதகின் பழுது தீரும்வரை அங்கேயே இருப்பார்களாக."

"ஐயோ, என் மருமகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்!" என்றார் ஒருவர். "எனக்கு ஈரம் ஆகாது!" என்றார் இன்னொருவர்.

"கை தூக்கியது யார்?" ராஜா உறுமினான்.

நகை வியாபாரி சொக்கேசர் எழுந்தார். "மகாராஜாவின் பெயர் காதில் விழுந்தது. கை தானாகவே..."

"என் பெயரைச் சொல்லி ஊரைக் கொளுத்தச் சொன்னாலும் தூக்குவீர்களா?"

தூக்குவோம் என்றும் சொல்ல முடியவில்லை, மாட்டோம் என்றும் சொல்ல முடியவில்லை. ராஜாவுக்கு முதன்முதலாகத் தன் பெயரைக் கேட்கவே கூச்சமாயிருந்தது.

"மதகுக்கு எவ்வளவு ஆகும், காத்தாயி?" என்று சொக்கேசரே கேட்டார்.

"கருங்கல்லும் தேக்குப் பலகையும் போட ஆயிரத்து இருநூறு."

"ஆயிரத்து ஐந்நூறாகவே போடுங்கள்!"

"வாயிலைக் கொஞ்சம் குள்ளமாகக் கட்டினால் போகிறது."

"வாயிலே எதற்கு? கரையை உயர்த்துவோம்!"

"விருந்துப் பணத்தில் அந்த நாலு வீட்டையும் கட்டிக்கொடுப்போம்!"

"சிலையும் வேண்டாம், மீசையும் வேண்டாம்!"

ராஜாவின் கை தன் மீசைக்குப் போயிற்று. பிறகு அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் புதுப் பட்டியலுக்குப் பதினொரு கையும் எழுந்துவிட்டன.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றான் ராஜா.

"அடுத்த வருஷத்துலேர்ந்து பட்டியலை நான் வாசிக்கிறேன், மகாராஜா. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ரொம்ப மெதுவாப் போகும்."

"அதுதான் வேண்டும். தந்தேன்!"

சபையோர்தானே மாட்டிக்கொண்டார்கள் என்ற நிம்மதியில் பரமானந்தர் ஓலையைச் சுருட்டினார்.

"சாமி, கடைசி வரியை விட்டுட்டீங்க" என்றாள் காத்தாயி.

ராஜாவே ஓலையை வாங்கி வாசித்தான். "புது மதகு உறுதியாக நிற்கிறதா என்று ஒரு மழைக்காலம் முழுதும் பார்த்துச் சொல்ல, பொக்கிஷதார் அதே தெருவில் குடியிருப்பாராக."

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. மதகு அசையவில்லை. ஆனாலும் தாழங்குடையைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கிக் கரைமேல் ஏறி, பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்குவார் பரமானந்தர். ஒரு நாளைக்கு ஏழு தடவை.