பல்லக்கிலிருந்து இழிந்தவர்

எந்த ஊரோ, ஒரு ஜமீன்தார் இருந்தார். அவருக்குப் பல்லக்குத் தூக்குகிறவனின் பெண்டாட்டி சடச்சி. அவளுடைய சின்ன மகளை அரண்மனை வேலைக்கென்று பிடித்து வைத்துக்கொண்டார்.

சடச்சி பல்லக்கை மறித்து அழுதாள்.

"உன்னைவிட இழிந்த பிறவி ஒன்றைக் காட்டு, பிள்ளையைத் தருகிறேன்" என்று ஜமீன்தார் ஊர் கேட்கச் சிரித்தார்.

"காட்டுறேன் சாமி. கொஞ்சம் இறங்கி வாங்க."

அவர் கால் தரையில் பட்டதும் அரண்மனைப் புலவர் வழக்கம்போலப் பாடினார்: "பல்லக்கினின்று இழிந்த பெருமானே!"

"புலவரே காட்டிட்டாரு சாமி."

புலவர் அவசரமாகக் கும்பிட்டார். "பிரபு, இழிந்த என்றால் இறங்கிய! பழந்தமிழ்!"

"அதேதான். நான் பொறந்ததிலேர்ந்து தரையிலதான் நிக்கிறேன். இறங்க எனக்கு ஏது எடம்?"

ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஜமீன்தார் பிள்ளையை விடச் சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறிக்கொண்டார்.

மகளை அள்ளிய சடச்சி புருஷனைத் தேடினாள். அவன் குனிந்து, பல்லக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தான்.