சுகமான அடிப்பக்கம்

முதலில் கேட்டது குறட்டை. ஒன்றல்ல, மூன்று, ஆளுக்கொரு சுருதி. படகு கட்டும் சூசை ஓடாவி, கொட்டகைக்குள் மாடு புகுந்துவிட்டதோ என்று கம்போடு எட்டிப் பார்த்தார். மாடாகவே இருந்திருக்கலாம். கவிழ்த்து வைத்திருந்த மூன்று படகுகளின் முதுகில் கொட்டாங்கரைப் பெருமக்கள் மூவர் படுத்திருந்தார்கள்.

கொட்டாங்கரை ஏரிக்குள்ளேயே கட்டிய ஊர். கேட்டால், ஏரிதான் ஊருக்குள் வந்தது என்பார்கள். மழைக்கு மழை வீடு முழுகும். இந்த வருடம் சடையப்பனின் மனைவி செவந்தி முடிவாகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை என் பாய் நனைஞ்சுது, அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

சடையப்பன் மிதக்கும் வீடு கட்டத் துணிந்தான். யோசனைக்கு உருமனையும் வீரணனையும் சேர்த்துக்கொண்டான். மூளை போதாத இடத்தில் ஆள் சேர்த்தால் சரியாகிவிடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

ஓடாவி முந்தின நாள் சொன்னது இவ்வளவுதான்: "படகுக்குத் தட்டை அடி, உருண்டை அடி, கூர் அடின்னு இருக்கு. குடியிருக்க எது சுகம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார்கள். படுத்து.

"கூர் அடி முதுகெலும்பைப் பொளக்குது. இதுல மனுசன் குடியிருப்பானா?" என்றான் வீரணன்.

"உருண்டை பரவால்ல. தூக்கத்துல புரண்டாத்தான் விழுந்துடறோம்," என்றான் உருமன்.

"தட்டைதாண்டா! எனக்குக் கனவே வந்துச்சு," என்றான் சடையப்பன்.

ஏரிக்குத் தட்டை அடிதான் சரி. ஓடாவி உடனே பலகை அறுக்கப் போய்விட்டார். சரியான பதில் வந்துவிட்டது; எப்படி வந்தது என்று விசாரித்தால் திரும்பிப் போய்விடும் என்ற பயம்.

படகு முடிந்து ஏரியில் இறங்கியது. மேலே கூரையும் கதவும் வைத்த சின்ன வீடு. செவந்தி உள்ளே பாய் விரித்தாள். சடையப்பன் மத்தியானம் அதில் படுத்தான், புரண்டான், எழுந்து கூட்டம் கூட்டினான்.

"அந்தச் சுகம் இல்லையேடா."

வீரணன் யோசித்தான். "நாம படுத்துப் பாத்தது வெளிப்பக்கம். நீ இப்பப் படுத்தது உள்பக்கம்."

"அப்ப சுகமான பக்கம்?"

"தண்ணிக்குள்ள கெடக்கு. மீனுங்க அனுபவிக்குது."

"ஓடாவி தலைகீழா வச்சுட்டானே!" என்று உருமன் கொதித்தான்.

செவந்தி வீட்டைப் பூட்டிக்கொண்டு துணி துவைக்கப் போன நேரம், ஊரே வந்து கயிறு கட்டி இழுத்தது. அந்த ஊரில் ஒற்றுமை இதற்கு மட்டும்தான் வரும். வீடு தொபுக்கென்று கவிழ்ந்தது. அப்படியும் மிதந்தது, ஓடாவியின் வேலை அவ்வளவு சுத்தம்.

சத்தம் கேட்டு, பிழிந்துகொண்டிருந்த சேலையைக் கல்லில் போட்டுவிட்டுச் செவந்தி நிமிர்ந்தாள். கரையோரத் தண்ணீரில், கவிழ்ந்த படகின் அடிப்பலகை மேல் மூவரும் மல்லாந்து கிடந்தார்கள்.

"யோவ், வீடு எங்கய்யா?"

"அடியில பத்திரமா இருக்கு. மழை தூறுது பாரு, நனையாதே. சட்டுனு வீட்டுக்குள்ள போ!"

முன்மாதிரி காட்டச் சடையப்பனே தண்ணீரில் குதித்தான். நெடுநேரம் கழித்து மூச்சு வாங்க மேலே வந்தான்.

"பூட்டியிருக்கேடி! சாவியைக் குடு."

செவந்தி இடுப்புச் சாவியை எடுத்து வீசினாள். "என் பாயை எடுத்துட்டு வா. அண்ணன் வீட்டுல உலத்திக்கறேன்."

"மழையில எப்படி உலரும்? பைத்தியக்காரி," என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி முழுகினான்.

செவந்தி கல்லில் கிடந்த சேலையை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பிழியத் தொடங்கினாள்.