நீலமேகத்தின் சுவர்

மலையடிவார மடத்தின் தலைவி செங்கமலத்தம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் நீலமேகமோ நூற்பாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலையை விட்டாரே தவிர அதிகாரத்தை விட்டபாடில்லை.

குருபூசைக்கு முதல் நாள் அம்மையிடம் வந்தார்.

"தியானத்துல உக்காரவே முடியலைம்மா. அடுப்பு எப்போ மூட்டணும், இலை எப்போ போடணும், எல்லாத்துக்கும் என்னையே கேக்கறாங்க. குருபூசைச் சாப்பாட்டைக்கூட நான் ஒரு வருஷமும் சாப்பிட்டதில்லை. இதுக்கு என்ன வழி?"

பேச்சில் குறை இருந்தது. முகத்திலோ பெருமை வழிந்தது.

சமையற்கட்டுச் சுவர் முழுக்க அவர் வரைந்த படம். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, யார் செய்வது, எங்கே காத்திருப்பது, எல்லாம் அதில் இருந்தது. ஆனால் பிறை, மீன், கொம்பு என்று குறிகள் அத்தனையும் அவரே உண்டாக்கியவை. பக்கத்தில் நின்று அவர் சொன்னால்தான் யாருக்கும் புரியும்.

"நாளைக்கு நீங்க மௌனம்," என்றார் அம்மை. "கைச்சாடையும் கூடாது. சுவத்துல மட்டும் எழுதலாம்."

"நாளைக்கா! ஊரே சாப்பிட வருதேம்மா! சமைக்க வர்றவங்களும் ஆத்தங்கரை மடத்துப் புது ஆளுங்க!"

"அதனாலதான்."

விடிந்தது. அடுப்புகள் எரிந்தன. ஆற்றங்கரை மடத்திலிருந்து வந்த தலைமைச் சமையற்காரி சிவகாமு சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

"பாயசத்துக்கு நேரா பிறை போட்டிருக்கு. நிலா வந்தப்புறம்தான் போலிருக்கு," என்று அந்த அடுப்பை அணைத்துவிட்டாள்.

பிறை என்றால் பாதிப் பாலை ஊற்று என்று பொருள். நீலமேகத்துக்கு உயிரே போய்விட்டது. வாசலில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. வாயையும் திறக்க முடியாது, கையையும் அசைக்க முடியாது.

மேல்துண்டை உருவினார். சுவரை ஒரே மூச்சில் துடைத்தார். கரித்துண்டை எடுத்தார்.

தொடங்கும் இடத்தில் வெறும் வட்டம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம். போகும் வழிக்கு அம்பு. 'வெந்ததா?' என்று கேட்டு, ஆம் என்றால் ஒரு பக்கமும் இல்லை என்றால் மறுபக்கமும் பிரியும் கிளை. எந்தக் குறிக்கு என்ன பொருள் என்பதையும் ஓரத்தில் எழுதினார்.

"அட, இவ்வளவுதானா!" என்றாள் சிவகாமு.

பாயச அடுப்பு மறுபடி எரிந்தது. ஆளாளுக்குச் சுவரைப் பார்த்தார்கள், ஓடினார்கள். நீலமேகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

சற்று நேரத்தில் சிவகாமுவே கரித்துண்டை எடுத்தாள்.

"அப்பளம் பொரிச்ச எண்ணெயிலதானே தாளிக்கணும்? அப்பளம் முன்னாடி வரட்டும்," என்று ஓர் அம்பை அழித்து, திசை மாற்றிப் போட்டாள்.

நீலமேகத்துக்கு நாக்கு துடித்தது. உற்றுப் பார்த்தார். அவள் செய்ததுதான் சரி. சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, இதையே எங்க மடத்துலயும் வரைஞ்சுக்கலாமா?"

அவர் சுவரில் எழுதினார்: 'தாராளமாக.'

முதல் பந்திக்கு மணி அடித்தது. அம்மை உள்ளே வந்தார்.

"மௌனம் போதும். பேசுங்க."

மடை திறந்த வெள்ளமாய் வந்தது பேச்சு. "பாத்தீங்களாம்மா! பாயசம் நேரத்துக்கு வந்துடுச்சு! அந்தம்மா என் அம்பையே மாத்திட்டாங்க, அதுதான் சரியாவும் இருக்கு! இப்போ நான் எங்கே நிக்கணும், சொல்லுங்க!"

அம்மை ஓர் இலையை அவர் கையில் கொடுத்தார்.

"உக்காருங்க."