ஊசிக்குக் காது எங்கே

அந்த ஆற்றங்கரை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. துறவு பூண்டு காவி வாங்குகிறவர் அந்தத் துணியின் ஓரத்தைத் தன் கையாலேயே மடித்துத் தைக்க வேண்டும். துணியில் அடுத்தவர் விரல் படக் கூடாது. தைப்பூசத்தன்று விளக்கு வைப்பதற்குள் தைத்து முடித்தால் காவி. இல்லாவிட்டால் அடுத்த தைப்பூசம்வரை வெள்ளை வேட்டிதான்.

மாசிலாமணிக்கு வயது அறுபத்தேழு. குருவைவிட மூத்தவர். ஆயுள் முழுக்க ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தவர், ஒரு தையல்கூடப் போட்டதில்லை. போதாக்குறைக்கு, மடத்தில் சேர்ந்த அன்றே பற்றை விடுகிறேன் என்று செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் ஆற்றோடு விட்டுவிட்டார். அகக்கண் திறந்தவனுக்குக் கண்ணாடி எதற்கு என்று எல்லாரிடமும் பெருமையடித்தும் வைத்திருந்தார்.

அன்று தைப்பூசம். நூலை நாக்கில் நனைத்தார், முறுக்கினார், ஒரு கண்ணை மூடினார். எந்தக் கண்ணை மூடினாலும் ஊசி மங்கலாகத்தான் தெரிந்தது. வெளிச்சம் போதவில்லை என்று முற்றத்துக்கு வந்தார். வெளிச்சம் கூசுகிறது என்று வேப்பமரத்தடிக்குப் போனார். வெயில் சாய்ந்துவிட்டது. அடுத்த தைப்பூசத்துக்கு இருப்போமோ மாட்டோமோ என்று நினைத்ததும் பாவம், மறுபடியும் நூலை நாக்கில் நனைத்தார்.

அந்த வழியாகக் குரு வந்தார்.

"சாமி, இந்த ஊசிக்குக் காதே இல்லைபோல."

குரு ஊசியை வாங்கினார். கண்மூடித் திறப்பதற்குள் நூலைக் கோத்தார்.

"இருக்கே" என்றவர், நூலை உருவிவிட்டு ஊசியைத் திருப்பிக் கொடுத்தார்.

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. குருவிடம் கோபித்துக்கொள்ள முடியாதே, அதனால் தத்துவம் பேசினார்.

"மனசு அடங்கினா நூல் தானா நுழையுமா, சாமி?"

"மனசை விடுங்க. சமையல்கட்டுல சிவபாக்கியம் இருக்காங்க. கோத்துத் தரச் சொல்லுங்க. துணியிலதான் அடுத்தவங்க கை படக் கூடாது."

மாசிலாமணி தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"கேட்டா, எனக்குக் கண்ணு தெரியலைன்னு மடம் முழுக்கத் தெரிஞ்சுபோகும்."

குரு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போன வெள்ளிக்கிழமை என் அறையில விழுந்து கும்பிட்டு ஏதோ கேட்டீங்களாமே?"

மாசிலாமணியின் முகம் மலர்ந்தது. அந்தக் கதையை அவர் மடத்தில் சொல்லாத ஆள் இல்லை. நான் யார் என்று கேட்டாராம், குரு பதிலே சொல்லவில்லையாம், அந்த மௌனத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டதாம்.

"மறக்க முடியுமா, சாமி? ஆடாம அசையாம உட்கார்ந்திருந்தீங்க."

"வெள்ளிக்கிழமை நான் ஊர்லயே இல்லை. சிவபாக்கியம் அங்கே அரிசி மூட்டையை இறக்கி வச்சு, தூசி விழாம என் பழைய துண்டைப் போத்தியிருந்தாங்க. நீங்க கும்பிட்டு எழுந்திரிக்கிற வரைக்கும் மூட்டையை எடுக்காம வாசல்ல காத்துக்கிட்டு நின்னாங்களாம்."

வேப்பமரத்தில் காக்கை ஒன்று கத்தியது. மாசிலாமணி நூலைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். இரண்டுமே சரியாகத் தெரியவில்லை.

"அப்போ எனக்கு விளங்கினது என்ன, சாமி?"

குரு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதை மூட்டைகிட்டதான் கேட்கணும். நூல் கோக்க, சிவபாக்கியத்தைக் கேளுங்க."