வால்வரை போகாத கோடு

என்னை முதலில் கெடுத்தவன் சிங்கராயன். அவன் பெயரைச் சொன்ன பிறகுதான் ராஜாவின் பெயர்.

வெகு காலத்துக்கு முன் கொன்றையூரை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டார். காலையில் தூக்கிவைத்தவனை மாலையில் போட்டு உடைப்பார். நான் அரண்மனையில் பாம்பு பிடிக்கிறவன். என் பேச்சுக்கு ராஜா சிரிப்பார். தளபதி சிங்கராயனுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் தலையும் கழுத்தும் நறுக்கிய பாம்பைச் சபையில் போட்டான். கறுப்பு உடம்பு, வெள்ளைக் கோடுகள்.

"கட்டுவிரியன், மகாராஜா. ராணியம்மா அறையில் கிடந்தது. இவன் காவல் காக்கிற லட்சணம் இது."

ராஜா என்னைப் பேசவே விடவில்லை. சிங்கராயனுக்கு 'விரியன் வென்றான்' என்று பட்டம்; அந்தப் பாம்பின் தோலைத் தன் கேடயத்தில் ஒட்டிக்கொண்டான். நான் கோட்டைக்கு வெளியே. ராணிக்குப் பூக்கட்டும் என் மனைவி செங்கமலம் உள்ளே. அந்தப்புரத்தில் வேலை செய்கிறவர்களை வெளியே விடும் வழக்கமில்லை. தினமும் பொழுது சாயும்போது மதில் ஜன்னலில் ஒரு முழம் கனகாம்பரத்தைத் தொங்கவிடுவாள். அகழிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். முகம் தெரியாது, பூ மட்டும் தெரியும். அப்படியே ஐந்து வருஷம்.

பிறகு ஒருநாள் ராணியின் அறைச் சுவரில், விளக்கு மாடத்துக்கு மேலே, அதே மாதிரிப் பாம்பு. விரியன் வென்றான் கதவுக்கு வெளியே நின்று வென்றுகொண்டிருந்தான். ராணி எனக்கு ஆள் அனுப்பினாள்.

வெறுங்கையால் எடுத்துச் சபைக்குக் கொண்டுபோனேன். "தளபதி ஐயா, இது என்ன பாம்பு?"

"உனக்குக் கண் அவிந்துபோச்சா? நான் கொன்றதன் ஜோடி."

"உங்கள் கேடயத்தில் ஒட்டியிருக்கிறதே, அந்தத் தோலா? வால் முழுசாக இருக்கிறதா?"

"நுனிவரை இருக்கிறது. நன்றாகப் பார்."

கேடயத்தை ராஜாவிடமே நீட்டினான்.

"மகாராஜா, விரியனுக்குக் கழுத்தருகே வெறுமையாக இருக்கும், கோடு வால்நுனிவரை போகும். இந்த அப்பாவிக்குக் கழுத்திலேயே கோடு ஆரம்பித்து, வாலுக்கு முன்னால் மங்கிவிடும். கேடயத்துத் தோலிலும் அப்படித்தான். விஷம் கிடையாது. தளபதி கழுத்தை நறுக்கினார், வாலை மறந்துவிட்டார்."

பேசும்போதே பாம்பு என் விரலை இரண்டு தடவை கடித்தது. ராஜா மறுநாள் வரை பொறுத்துப் பார்த்தார். நான் மோர்ச்சோறு தின்றுகொண்டிருந்தேன்.

பட்டம் பறிபோனது. செங்கமலத்தை வெளியே அனுப்பினார்கள். தலை பாதி நரைத்திருந்தது.

"இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"இவள் முடி நரைத்ததை நான் பார்க்கவில்லை, மகாராஜா. அந்த ஐந்து வருஷம் வேண்டும்."

ராஜா தலை குனிந்தார். "சிங்கராயா, பொய் சொன்னேன் என்றாவது இவனிடம் சொல்."

தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டிவிட்டுப் போனான். இன்றுவரை அவன் தொண்டை திறக்கவில்லை.