இடது விளிம்பில் பட்ட பந்து

ஒரு காட்டில், நடுவே ஓடிய ஆற்றின் இரண்டு கரையிலும், மிருகங்கள் கூடைப்பந்து ஆடிவந்தன. சிரிக்காதீர்கள் குழந்தைகளே, நிஜமாகத்தான். வேங்கை மரத்தில் அடிப்பாகம் இல்லாத பிரம்புக் கூடை ஒன்று தொங்கும். காட்டுக்கொடியை இறுக்கிச் சுற்றிய பந்தை அதற்குள் போட வேண்டும். கை உள்ளவர்கள் கையால் போடலாம். இல்லாதவர்கள் நெற்றியால் முட்டிப் போடலாம்.

கிழக்குக் கரையில் இந்த ஆட்டம் சப்பென்று இருக்கும். அங்கே எப்போதும் யானைகள்தான் ஜெயிக்கும். மற்றவர்கள் ஒப்புக்கு ஆடிவிட்டு மேயப் போய்விடுவார்கள்.

மேற்குக் கரை அப்படியில்லை. அங்கே அணிகள் எத்தனையோ இருந்தாலும் முன்னால் நின்றவை நான்கு: சிறுத்தை, குரங்கு, கரடி, மான். நான்கும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. இன்று சிறுத்தைகளை ஜெயித்த குரங்குகள் நாளை கரடிகளிடம் தோற்கும். அந்தக் கரடிகள் அடுத்த வாரமே மான்களிடம் தோற்கும். தோற்றாலும் ஒரே ஒரு கூடை வித்தியாசம்தான். இந்த வருஷம் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லிச் சொல்லித் தப்பாகிப்போன கிளி ஒன்று, வெட்கப்பட்டு ஜோசியத்தையே விட்டுவிட்டது.

மேற்கில் ஜெயிக்கும் அணி ஆற்றைக் கடந்து போய் யானைகளோடு ஆட வேண்டும். ஆற்றில் முதலைகள் உண்டு. வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும், அந்த ஒரு அணிக்கு மட்டும், முதலைகள் வாயைத் திறப்பதில்லை. அது அவை கொடுத்த வாக்கு. வேறு நாளில் வேறு யாராவது தண்ணீரில் கால் வைத்தால் வாக்காவது கீக்காவது!

மான் அணியின் தலைவி பெயர் மருதி. அவளுக்குப் பட்டம் வேண்டாம், மாலை வேண்டாம். அக்கரைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அவளும் அவள் தங்கை வஞ்சியும் குட்டிகளாக இருந்தபோது ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வஞ்சியை அடித்துக்கொண்டு போய் அக்கரையில் ஒதுக்கிவிட்டது. அன்றிலிருந்து ஒருத்தி இக்கரை, ஒருத்தி அக்கரை. ஆறு அகலமானது. கத்திக் கூப்பிட்டாலும் குரல் எட்டாது.

மாலையில் தண்ணீர் குடிக்கும்போது மருதி தலையை நிமிர்த்தி அக்கரையைப் பார்ப்பாள். அங்கே மேயும் மான்களெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். "அதோ, அந்தக் குட்டிதான் வஞ்சியோ?" என்று நினைப்பாள். பிறகு, "அவளும் இந்நேரம் வளர்ந்திருப்பாளே" என்று நினைவு வரும். உடனே இன்னும் பெரியதாக ஒரு மானைத் தேடுவாள். அவளுக்குத் தங்கையின் வளர்ந்த முகம் தெரியாது. 

ஒவ்வொரு வருஷமும் மான்கள் கடைசிவரை வந்து ஒரு கூடையில் கோட்டைவிடும். மருதி ஆற்றோரம் போய் நிற்பாள்.

அந்த வருஷமும் நான்கு அணிகளும் அரையிறுதிக்கு வந்துவிட்டன. யாரோடு யார் மோதுவது என்று முடிவாக ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. அது மான்களுக்கும் கரடிகளுக்கும்.

மான் அணியில் துடியன் என்று ஒரு முயல் இருந்தான். ஆடுவது கொஞ்சம், யோசிப்பது அதிகம். அவன் மருதியிடம் ஓடி வந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோபப்படக் கூடாது."

"சொல்லுடா."

"நாளைக்குக் கரடிங்களை ஜெயிச்சா நமக்கு மூணாவது இடம். அரையிறுதியில ரெண்டாவது இடத்துச் சிறுத்தைங்களோட ஆடணும். தோத்தா நமக்கு நாலாவது இடம். முதல் இடத்துக் குரங்குங்களோட ஆடலாம்."

"முதல் இடம்னா அவங்கதானே பலசாலி?"

"அட, அதிர்ஷ்டம்க்கா! பாதி ஆட்டத்துல பேன் பாக்க உக்காந்துடுறாங்க. சிறுத்தைங்க அப்படியா? கண்ணைப் பாத்தாலே நமக்குக் கால் நடுங்குது."

"சிறுத்தைங்களைப் போன மாசம் நாம ஜெயிச்சோமே?"

"அன்னைக்கு அவங்க தலைவன் கால்ல முள்ளு. மறுபடியும் முள்ளு குத்தும்னு உக்காந்திருக்க முடியுமா?"

மருதி யோசித்தாள். "வேணும்னே தோக்கறதா? மனசு கேக்கலடா."

"ஒரே ஒரு ஆட்டம்க்கா. அதை விட்டுக்கொடுத்தா வஞ்சியக்காவைப் பாத்துடலாம்."

வஞ்சி என்ற பேரைக் கேட்டதும் மருதிக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டாள்.

மறுநாள் ஆட்டம். நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு மோசமாக ஆடுவது லேசான வேலை இல்லை. பந்தைக் காட்டுக்குள் அடித்தால் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் மருதி கூடையின் இடது விளிம்பைக் குறிபார்த்து முட்டினாள். பந்து விளிம்பில் பட்டு, சுற்றி, வெளியே விழுந்தது. "அடடா!" என்றது கூட்டம். மறுபடியும் முட்டினாள். மறுபடியும் இடது விளிம்பு. ஆட்டம் முடிவதற்குள் அவள் அதில் கைதேர்ந்துவிட்டாள்.

கரடிகள் ஜெயித்தன. அந்த வருஷம் அவை மான்களை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. கரடி அணியின் தலைவர் பெயர் கருப்பட்டி. நடை மெதுவாக இருக்கும், பேச்சில் பொய் இருக்காது. அவர் தலையைச் சொறிந்துகொண்டே மருதியிடம் வந்தார்.

"என்ன மருதி, நெத்தியில அடிகிடி பட்டுச்சா? பச்சிலை பறிச்சுத் தரவா?"

"ஒண்ணுமில்லண்ணே" என்றாள் மருதி. அவரை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

அரையிறுதி வந்தது. குரங்குகள் எதிரே நின்றன. அன்று ஒரு குரங்குகூடப் பேன் பார்க்க உட்காரவில்லை. பேனையெல்லாம் முந்தின நாளே பார்த்து முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது! மரத்துக்கு மரம் தாவி, பந்தைப் பிடித்து, மான்களை ஓட ஓட விரட்டின. மான்களும் விடவில்லை. அந்த ஒரு ஆட்டத்தில் துடியன்கூட யோசிப்பதை விட்டுவிட்டு ஓடி ஓடி ஆடினான்.

கடைசியில், தப்பாட்டத்துக்குக் கிடைத்த ஒற்றைப் புள்ளியால் குரங்குகள் முன்னால். கூடைக்கு இரண்டு புள்ளி. பந்து மருதியிடம் வந்தது. நேர் எதிரே கூடை. தடுக்க ஒருவரும் இல்லை.

"அக்கா, போடுங்க!" என்று கத்தினான் துடியன்.

கூடைக்கு நடுவே பார்த்துத்தான் மருதி முட்டினாள். ஆனால் நெற்றி முந்தைய ஆட்டத்தில் பழகிய இடத்துக்கே பந்தை அனுப்பியது. பந்து இடது விளிம்பில் பட்டு, சுற்றி, வெளியே விழுந்தது.

இன்னொரு பக்கம் கரடிகளுக்கும் சிறுத்தைகளுக்கும் ஆட்டம். சிறுத்தைகளில் யார் காலிலும் முள் இல்லை. நன்றாக ஆடியே ஒரு கூடையில் தோற்றன. இறுதி ஆட்டத்தில் அதே கரடிகள் குரங்குகளையும் ஒரே கூடையில் ஜெயித்துவிட்டன.

ஆற்றைக் கடக்கும் நாள் காலையில் மருதி கரைக்கு ஓடி வந்தாள்.

"கருப்பட்டி அண்ணே! அங்க வஞ்சின்னு ஒரு மான் இருப்பா. இடது காதுல சின்னதா ஒரு வெட்டு இருக்கும். அவளைப் பாத்தீங்கன்னா..." அக்கரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

"சொல்லிட்டாப் போச்சு" என்று கரடி தண்ணீரில் இறங்கினார். முதலைகள் வாயை மூடிக்கொண்டு வழிவிட்டன. கரடிகளின் முதுகு சின்னதாகிச் சின்னதாகி மறையும்வரை மருதி பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த இடத்தில் தான் போயிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று முழுக்க அவள் மேயவில்லை. வெயில் சாயும் நேரம், யானைகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு கரடிகள் திரும்பி வந்தன.

"அண்ணே, பாத்தீங்களா?"

"பாத்தேன். தேட வேண்டியதே இல்ல. தண்ணியோரமா முதல் ஆளா நின்னுக்கிட்டிருந்தா. வருஷா வருஷம் இந்த நாள்ல வந்து நிப்பாளாம். நீந்தி வர்ற தலையில மான் காது ஏதாவது தெரியுதான்னு பாப்பாளாம்."

மருதியின் கண் நிறைந்துவிட்டது. "எப்படி இருக்கா?"

"அசப்புல உன்னை மாதிரியே இருக்கா."

"என்ன கேட்டா?"

கரடி தலையைச் சொறிந்தார். "நீ நல்லா இருக்கே, வருஷா வருஷம் ஆடறேன்னு சொன்னேன். அக்கா இந்த வருஷமும் தோத்துட்டாளான்னு கேட்டா. எனக்குத்தான் பொய் சொல்ல வராதே. எங்களோட ஆடின அன்னைக்கு உங்க அக்கா தோக்கல, வேணும்னே விட்டுக்கொடுத்தான்னு சொல்லிட்டேன்."

"அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

"நீ முட்டினது எல்லாமே அதே விளிம்புல பட்டா எனக்குத் தெரியாதா, மருதி?"

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

கரடி தரையைப் பார்த்தார். "ஆத்துப் பக்கம் திரும்பி நின்னுட்டா. அப்புறம், 'அக்காவுக்கு என்னைப் பாக்க இஷ்டமில்லையா?'ன்னு கேட்டா."

மருதி ஒரே ஓட்டமாக ஆற்றோரம் ஓடினாள். அக்கரையில் ஒரு சின்னப் புள்ளி, தண்ணீரை விட்டு விலகிக் காட்டுக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"இல்லடி வஞ்சி! அப்படி இல்லடி! உன்னைப் பாக்கத்தான்டி!" என்று கத்தினாள்.

ஆறு அகலமானது. குரல் எட்டவில்லை.

நீதி: எதிரே நிற்பது யாராக இருந்தாலும் முழுமனதோடு ஆடு, வேண்டுமென்றே தோற்றவர், வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை.